பிள்ளைச்சாவடிக் கரையில் முதுமைக்கு ஒரு வீடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பேருந்து, காலாப்பட்டைத் தொடுவதற்குள் இரண்டு முறை எல்லை தாண்டிவிடுகிறது. முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி. கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் கழிந்தபின் மறுபடியும் புதுச்சேரி தொடங்குகிறது. அங்கே இருக்கும் ஊர்தான் பிள்ளைச்சாவடி. வெளியூர்க்காரர்களுக்கு அது பொறியியல் கல்லூரியின் முகவரியாகத்தான் தெரியும். எண்பதுகளில் தொடங்கிய அந்தக் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. சாலைக்குக் கிழக்கே இறங்கினால் மீனவர் குடியிருப்பு. அதற்கும் கிழக்கே கடல்.

வழிநெடுக மனை விளம்பரப் பலகைகள். கடல் பார்த்த வீடு, வார இறுதி வீடு, வில்லா. இவற்றோடு இப்போது இன்னொரு வகையும் சேர்ந்துகொண்டது: மூத்த குடிமக்களுக்கான குடியிருப்பு. நரைத்த தலையோடு ஒரு தம்பதி சிரிக்கிறார்கள், பின்னால் நீலக் கடல். சென்னையில் இருக்கும் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். மூன்றாம் மாடி வீட்டில் மின்தூக்கி பழுதானால் அன்றைக்குக் கீழே இறங்க வழியில்லை. தரகர் ஒருவர் பிள்ளைச்சாவடியை ஒட்டி ஓர் இடம் இருப்பதாகவும், முதியோர் குடியிருப்பு கட்ட யோசனை நடப்பதாகவும், அனுமதியெல்லாம் வாங்கிவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். "நீ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாப்பா. நீ சரின்னு சொன்னா அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்றார் பெரியப்பா. அந்தப் பொறுப்போடுதான் இறங்கினேன்.

கடற்கரை என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் மணல்வெளி இங்கே பல இடங்களில் இல்லை. கருங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கற்களுக்கு இந்தப் பக்கம் வீடுகளின் பின்சுவர்கள். சில வீடுகளுக்குப் பின்சுவர் இல்லை, தரை பாதியோடு நிற்கிறது. ஃபைபர் படகுகளை ஏற்றி வைக்க இடம் போதாமல் தெருவோரம் வரை இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியபோது, இத்தனை தொலைவில் இருந்த இந்தக் கரையிலும் வீடுகள் கடலுக்குள் போயின. மீனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஊரைக் காப்பாற்றத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) போடுங்கள் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அய்யா, முன்னாடி கரை எது வரைக்கும் இருந்துச்சு?"

கையை நீட்டிக் கடலுக்குள் காட்டினார். "அதோ அந்த அலை உடையுது பாரு தம்பி, அதுக்கும் அந்தாண்ட. வலை உலர்த்துவோம், கருவாடு காயவைப்போம், திருவிழாவுக்குப் பந்தல் போடுவோம். எல்லாம் அங்கதான்."

அவர் காட்டிய இடத்தைக் கடல் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் மட்டும் திரும்பித் தெற்கே போகும். கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போய்ச் சேர்கிறது. எண்பதுகளின் பின்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நடந்துகொண்டிருந்த மணல் அங்கே நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே கடல் பசியோடு வந்தது. புதுச்சேரி நகரத்தின் கடற்கரையே கருங்கல் சரிவாக மாறியது அதனால்தான். நகரத்தைக் கல்லால் காத்ததும் அரிப்பு வடக்கே நகர்ந்து சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று ஊர் ஊராக ஏறியது. ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள ஊர் தேய்கிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2018 வாக்கில் நீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டு நகரத்துக்குக் கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பிள்ளைச்சாவடி வரை அந்த நல்ல செய்தி எட்டவில்லை.

முதியோர் குடியிருப்பு வரலாம் என்று பேச்சு இருப்பதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"வரட்டும். வயசானவங்க நல்லா இருக்கட்டும். ஆனா எங்கள ஒரு வார்த்தை கேக்கணும் இல்ல? எந்த மாசம் தண்ணி எந்தத் தெரு வரைக்கும் ஏறும்னு எங்களுக்குத் தெரியும். கேட்டா சொல்லுவோம்."

அவர் சொன்னது சட்டப்படியும் நியாயமான கேள்வி. ஒரு குடியிருப்புத் திட்டம் வரும்போது ஊரை யார் கேட்க வேண்டும்? இந்த இடத்தில் அதற்கு யார் இருக்கிறார்கள்?

கட்டடத்துக்கான திட்ட அனுமதி 1969ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டப்படி புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தின் கையில் இருக்கிறது. கடலோரம் என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். 2011 அறிவிக்கை, அதன்பின் 2019 அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகளின் எல்லை. நகர்ப்பகுதி என்று வகைப்படுத்திய இடமானால், ஏற்கெனவே உள்ள அனுமதி பெற்ற சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். ஊரகப் பகுதியானால் 2011 விதியில் 200 மீட்டர் வரை கட்டத் தடை. 2019 விதி, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. இந்த அளவுகள் எல்லாமே உயர் அலைக் கோட்டிலிருந்து தொடங்குகின்றன. பிள்ளைச்சாவடியில் அந்தக் கோடே நகர்கிறது. வரைபடத்தில் குறித்த கோட்டை வைத்து அளப்பதா, இன்றைக்கு அலை நனைக்கும் இடத்தை வைத்து அளப்பதா? எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் கடைசிச் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

அடுத்தது ரேரா, அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டு வீடுகளுக்கு மேலோ இருக்கும் திட்டத்தை, 2016ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. முதியோர் குடியிருப்புக்கென்று ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதை வரி வரியாகப் படித்தால் மனம் நிறைகிறது. வழுக்காத தரை, கழிப்பறையில் பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் கதவு, சாய்தளம், அவசர அழைப்பு மணி என்று எல்லாம் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது முத்தரப்பு ஒப்பந்தம். கட்டுகிறவர், பராமரிப்புச் சேவை தருகிறவர், வீடு வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது நெறிமுறை. முதியோர் குடியிருப்பில் சுவரைவிடச் சேவைதான் முக்கியம். சமையலறை நின்றுபோனால், செவிலியர் வராமல் போனால், மாதக் கட்டணம் கட்டுக்கடங்காமல் ஏறினால், அந்த வயதில் வேறு வீடு தேடிப் போக முடியாது. ஆனால் இது மாதிரி நெறிதான். மாநிலங்கள் தங்கள் விதியாக ஏற்றால்தான் பல் முளைக்கும். மகாராஷ்டிர ரேரா 2024இல் முதியோர் குடியிருப்புகளுக்கான கட்டட அளவுகளைக் கட்டாயமாக்கியது. மற்றவர்களும் செய்யலாம், தடையொன்றும் இல்லை.

இத்தனை தாள்களும் சரியாக இருந்தால்கூட இந்தத் தாள்கள் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்த இரவில் படுக்கையிலிருந்து எழ முடியாத நாற்பது பேரை எந்த வண்டியில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது? உப்பேறி வரும் நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணறு போட்டு இன்னும் இழுத்தால் பக்கத்துத் தெருக் கைப்பம்பு என்ன ஆகும்? கழிவுநீர் எங்கே போகும்? லாரிகளும் சுற்றுலாக் கார்களும் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கைத்தடியோடு ஒருவர் எப்படிக் கடப்பார்? கட்டடத்தின் மதில் படகு ஏற்றும் வழியை அடைக்குமா? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்பதற்குத்தான் உள்ளாட்சி மன்றம்.

பிள்ளைச்சாவடி உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அந்த நகராட்சியில் இன்று தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. உழவர்கரைக்கு மட்டுமல்ல, புதுச்சேரியின் ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் இதே நிலைதான்.

இந்த வரலாற்றை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1880இல் இங்கே கொம்யூன்களை அமைத்து மேயர் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் வில்லியனூரிலும் பாகூரிலும் பெரியவர்கள் 'கொம்யூன் ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. பிறகு 38 ஆண்டுகள் நடக்கவே இல்லை. நீதிமன்றம் வரை போன பிறகு 2006இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 2021 அக்டோபரில் நடத்துவதாக அறிவித்தார்கள். இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த அறிவிப்பும் நின்றுபோனது. அலுவலகங்கள் இயங்குகின்றன, ஆணையர்கள் இருக்கிறார்கள், வரி வாங்குகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாடு, கட்டட ஒழுங்குமுறை இவையெல்லாம் உள்ளாட்சியின் பணி என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தன் முதல் இரண்டு வரிகளிலேயே சொல்கிறது. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பதும் அதே அரசியலமைப்பின் கட்டளை.

பிள்ளைச்சாவடியிலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் பொம்மையார்பாளையம். அதே கடல், அதே அரிப்பு, பல வீடுகளில் கொண்டும் கொடுத்தும் உறவு. அங்கே 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும் என்று விதி. அந்தச் சபைகள் எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். தீர்மானம் போட்டும் கிடப்பில் போன ஊர்கள் எத்தனையோ. ஆனால் எழுந்து நின்று "இந்தக் கட்டடம் எதற்கு, தண்ணீர் எங்கிருந்து" என்று கேட்க ஒரு மேடையும், அதைக் குறித்துவைக்க ஒரு தீர்மானப் புத்தகமும் அங்கே உண்டு. பிள்ளைச்சாவடி மீனவருக்கு மனு எழுதிக் கொடுப்பது அல்லது சாலையில் உட்காருவது என்று இரண்டே வழிதான்.

மறுநாள் உள்நாட்டுப் பக்கம் போனேன். கடலை விட்டுத் தள்ளி இடம் பார்த்தால் என்ன என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டிருந்தார். வில்லியனூர் கொம்யூன் முதியோருக்கு உகந்த இடமாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. திருக்காமீஸ்வரர் கோயில், லூர்து மாதா கோயில், நடக்கும் தூரத்தில் கடைத்தெரு, ஊசுட்டேரிக் காற்று. ஜிப்மர் மருத்துவமனை எட்டிவிடும் தொலைவு. பாகூர் இன்னும் அமைதி. பெரிய ஏரி, நெல்வயல், சோழர் காலத்து மூலநாதர் கோயில். வயலுக்கு நடுவே மனைக்கற்கள் நட்ட இடங்களும் கண்ணில் பட்டன.

ஆனால் 2024 நவம்பர் 30 இரவை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நகரத்தில் கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் படகில் வந்து மக்களை மீட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட, தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. சங்கராபரணி ஆறும் கரை புரண்டது. ஆக, கடலோரம் ஆபத்து, உள்நாடு பத்திரம் என்று வண்ணம் பூசிப் பிரித்துவிட முடியாது. எந்த இடமானாலும், வெள்ளம் எங்கே நின்றது என்று அந்த ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. பாகூரில் ஒரு தேநீர்க் கடைக்காரர் தன் கடைச் சுவரில் நீர் நின்ற அடையாளத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த உயரம் என் இடுப்பைத் தாண்டியது. எந்த விண்ணப்பப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதியோர் வீடு என்றால் காசு கொடுத்து வாங்குகிறவரை மட்டுமே நினைக்கிறோம். பிள்ளைச்சாவடியில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், சுவர் இடிந்த தன் வீட்டின் மிச்ச அறையில்தான் இன்னும் படுக்கிறார். மகன் வேறு தெருவில் வாடகைக்குப் போய்விட்டார். "நான் எங்க போவேன் தம்பி, மாடிப்படி ஏற முடியாது" என்றார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி ஒரு இல்லமாவது அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கத்தில் ஹெல்ப்பேஜ் இந்தியா, ஆதரவற்ற முதியோருக்காகத் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை அமைத்தது. இந்தக் கரையில் அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஒரு தனியார் திட்டத்தைப் பரிசீலிக்கும் மன்றத்தில் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தால், "எங்கள் ஆயாக்களுக்கு உங்கள் மருத்துவ அறை வாரம் ஒரு நாள் திறக்குமா?" என்று கேட்டிருப்பார். பத்து வீட்டை உள்ளூர் முதியோருக்கு ஒதுக்கச் சொல்லிப் பேரம் பேசியிருப்பார். கோப்பு அப்படிப் பேசாது.

ஊரைக் கேட்டால் ஊர் எதிர்க்கும், திட்டம் நின்றுபோகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. சிங்கப்பூரில் தோ யி பகுதியில் முதியோருக்கான சிறுவீடுகள் கட்ட வீட்டுவசதி வாரியம் முன்வந்தபோது, 2012 தொடக்கத்தில் அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். விளையாடும் திறந்தவெளி போய்விடும் என்பது அவர்களின் கவலை. அரசு கூட்டம் போட்டுப் பேசியது. திட்டத்தைக் கைவிடவில்லை. முதியோர் தாங்கள் வாழ்ந்த பேட்டையிலேயே முதுமையைக் கழிக்க வேண்டும் என்ற நியாயத்தை வெளிப்படையாகச் சொல்லிக் கட்டியது. கேட்டபின் எடுத்த முடிவு என்பதால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பிள்ளைச்சாவடிப் பெரியவர் கேட்டதும் அவ்வளவுதானே. வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அப்போதே 10.4. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்க, முதுமையைத் தனியே கழிக்கும் வீடுகள் இந்தக் கரையெங்கும் பெருகும். முதியோர் குடியிருப்புகள் தேவை, அவை நிறையவே வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவமனைகளும் மலிவான போக்குவரத்தும் அமைதியும் உள்ள புதுச்சேரி அதற்குத் தகுந்த மண்ணும்கூட. ஆனால் அலைக்கும் சாலைக்கும் நடுவே மீந்திருக்கும் அந்தக் குறுகிய துண்டில், நாளைக்கு இருக்குமா என்று தெரியாத நிலத்தின்மேல் முதியவர்களைக் குடியேற்றக் கூடாது. பெரியப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். வில்லியனூர்ப் பக்கம் பார்க்கலாம், வெள்ளம் நின்ற உயரத்தை ஊரில் விசாரித்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

இந்தக் கரையில் வீடு வாங்க நினைக்கும் மூத்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும் முன் ரேரா பதிவு எண்ணையும், கடலோர மண்டல அனுமதியையும், உயர் அலைக் கோடு குறித்த வரைபடத்தையும், சேவை ஒப்பந்தத்தின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்த ஊருக்குள் போய், கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். புதுச்சேரி அரசுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். உழவர்கரையிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மன்றத்தில் உட்கார்ந்த பிறகு, இத்தகைய திட்டங்களை அவர்கள் முன் வையுங்கள்.